கொல்லை, வரப்பு, புறம்போக்கு

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்தபோது கபிலர் அவர்களிடம் வைத்த வாதம் புறநானூற்றின் 109ஆம் பாட்டாக நிற்கிறது. மலையைச் சுற்றி எத்தனை படை நிறுத்தினாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள். உழவர் உழாமலே நான்கு பொருள்கள் அங்கே விளைகின்றன என்கிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கையும் பெயர் சொல்லி எண்ணுகிறார். சிறுபாணாற்றுப்படை காட்டுவது வேறொரு வீடு. பசியில் இளைத்த கிணைமகள் குப்பைமேட்டில் தானாக முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். போட உப்பு இல்லை. வெறுமனே வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாசற்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

இரண்டுமே விதைக்காமல் கிடைத்த உணவு. மலையில் அது பெருமையாக இருந்தது, குப்பைமேட்டில் வெட்கமாக இருந்தது. இந்த இரண்டு மனநிலையும் நம்மிடம் இன்றும் இருக்கின்றன. பண்ணைக்கீரையைப் பறித்துத் தின்றோம் என்று சொல்லக் கூசிய குடும்பங்களின் பிள்ளைகள் நகரத்து இயற்கை அங்காடிகளில் அதே கீரையைக் கட்டு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நமக்கு வேண்டிய காய், கனி, கீரையை நாமே விளைவித்துக்கொள்ள முடியுமா, தானாக விளைவதைத் தேடி உண்பது இன்றைக்கு அறிவுடைய செயலா என்று கடந்த சில ஆண்டுகளாகப் பலரும் கேட்கிறார்கள். வரும் விடைகள் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கின்றன. மாடித்தோட்டம் நகரத்தாரின் விருப்பம் என்று ஒரு பெட்டி, காட்டு உணவு பழங்குடிகளின் வழக்கம் என்று இன்னொரு பெட்டி. இந்தப் பிரிப்பே தவறு என்பது என் கருத்து. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தானியத்துக்குத் துணையாகச் சட்டியில் விழுந்தவற்றில் பெரும்பங்கு இவை இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலத்திலிருந்து வந்தது. வீட்டுக் கொல்லை, வேலி, வயல்வரப்பு, வாய்க்கால் கரை, ஏரி உள்வாய், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவைதான் அந்த நிலம். யாரும் திட்டமிட்டுப் பயிரிடவில்லை. முழுக் காடாகவும் விட்டுவிடவில்லை.

ஒரு நல்ல மழைக்குப் பிறகு கொங்கு நாட்டு மானாவாரிக் காட்டில் இறங்கினால் இது விளங்கும். சோளத்துக்கும் கடலைக்கும் இடையில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை மூன்றும் முளைத்துக் கிடக்கும். வரப்பில் மூக்கிரட்டையும் சாரணையும் படரும். கிளுவை வேலியில் முசுமுசுக்கை, கோவை, முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை ஏறும். நஞ்சைப் பக்கம் போனால் ஆரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. கடற்கரை உவர்நிலத்தில் உமரி. விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதலைக்காய்க் கொடி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து தானே கிளம்பும். பாகலின் உறவு; கசப்பு உண்டு. சந்தைக்கு வருகிற அந்தச் சில வாரங்களில் அந்த ஊர்க்காரர்கள் தேடித் தேடி வாங்குவார்கள். அதை வயலில் விதைத்து வளர்க்கும் பழக்கம் பெரிதாக உண்டாகவில்லை. நிலம் கொடுத்தது, மனிதர் எடுத்துக்கொண்டனர்.

பழங்கள் பிள்ளைகளின் பங்கு. காரை, சூரை, களா, ஈச்சம்பழம், இலந்தை, நாவல் எல்லாம் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே தீர்ந்துபோகும். நீலகிரியில் தவிட்டுப்பழம், இலங்கையின் வன்னியில் பாலைப்பழமும் வீரைப்பழமும். கொடுக்காப்புளியும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றையும் நம் பிள்ளைகள் நம்முடையவையாக்கிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை வறுத்து அரிசியோடு கலந்து உண்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

இவ்வளவையும் அறிந்து வைத்திருந்தவர்கள் களையெடுக்கப் போன பெண்கள். பயிருக்குக் களை, சட்டிக்குக் கீரை என்று ஒரே செடியை இரண்டாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். எந்தக் கீரையைப் பூக்கும் முன் கிள்ள வேண்டும், எதன் கொழுந்து மட்டும் ஆகும், எதை வேகவைத்த தண்ணீரை இறுத்துக் கொட்ட வேண்டும், எந்த ஐந்தாறு கீரையைச் சேர்த்துக் கடைந்தால் ஒன்றின் கசப்பை இன்னொன்றின் கொழகொழப்பு அடக்கும் என்பதெல்லாம் கைப்பழக்கமாக வந்த அறிவு. மாலையில் வீடு திரும்பும்போது மடியில் கீரை இருக்கும். கூலியின் எழுதாத பகுதி அது. நிலம் வைத்திருந்தவரின் வீட்டுக்கு அது பெரிதில்லை. நிலமில்லாத வீட்டுக்கு அன்றைய குழம்பே அதுதான். தெலங்கானாவின் ஜாகீராபாத் வட்டாரத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு இயங்கும் தலித் பெண்கள் தங்கள் மானாவாரி வயல்களில் இப்படி விதைக்காமல் கிடைக்கும் கீரைகளைப் பல பத்து வகையாக அடையாளம் காட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே அது வெட்கமாக இல்லாமல் பெண்களின் அறிவுச் சொத்தாக மேடையேறியது. நம் பக்கம் அப்படி ஒரு மரியாதை இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை.

அந்த நடுநிலம் இப்போது வேகமாக மறைகிறது. ஆள் கூலி ஏறியதும் களையெடுப்பின் இடத்துக்குக் களைக்கொல்லி வந்தது. தெளித்த வயலில் பண்ணைக்கீரையும் இல்லை. அதைப் பறித்துவந்த பெண்ணுக்கு வேலையும் இல்லை. வரப்பு குறுகி ஒற்றைக்காலடித் தடமாகிவிட்டது. உயிர்வேலி போய்க் கம்பிவேலி வந்ததும் தூதுவளைக்கும் முசுமுசுக்கைக்கும் ஏறக் கொம்பில்லாமல் போயிற்று. ஏரி உள்வாயையும் ஊர்ப் பொதுவையும் சீமைக்கருவேல் மூடியிருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மீந்த புறம்போக்கு மனைப்பிரிவாகிறது.

பொதுநிலம் யாருக்குச் சோறு போட்டது என்ற கேள்விக்குப் பொருளியலாளர் என். எஸ். ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் முதன்மையானது. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை எடுத்துக்கொண்டார். ஏழைக் குடும்பங்கள் உணவு, விறகு, தீவனத்துக்குப் பொதுநிலத்தைச் சார்ந்திருந்த அளவு வசதியான குடும்பங்களைக் காட்டிலும் பலமடங்கு அதிகம் என்று கண்டார். 1950களிலிருந்து அந்த நிலம் கணிசமாகச் சுருங்கிவிட்டதையும் காட்டினார். ஏழைகளுக்கு உதவுவதாகச் சொல்லிப் பிரித்துக் கொடுத்த பொதுநிலத்தில் பெரும்பங்கு ஏழைகள் கைக்கே போகவில்லை என்பது அந்த ஆய்வின் மிக வேதனையான செய்தி. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு வந்த பிறகும் எத்தனை ஊரில் மேய்க்கால் மீண்டது என்று அவரவர் ஊரைப் பார்த்துச் சொல்லலாம்.

சில நாடுகளில் இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. சுவீடனில் வீட்டை ஒட்டிய இடமும் பயிர் நிலமும் தவிர, பிறர் நிலத்திலும் காட்டுப் பழமும் காளானும் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் தானாக விளைந்த பழத்தையோ காளானையோ விற்பதற்கல்லாமல் பறிப்பதைத் திருட்டாகக் கொள்வதில்லை. நம் ஊரில் வழக்கம் இருந்தது, சட்டம் இல்லை. வழக்கத்தைக் கைவிட யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி வீட்டுத் தோட்டம். பழைய கொல்லை ஒரு நுட்பமான ஏற்பாடு. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேரும் இடத்தில் வாழையும் சேம்பும். கூரைமேல் சுரையும் பரங்கியும். வேலிப்படலில் அவரை. மூலையில் முருங்கை, கறிவேப்பிலை. எருக்குழிக்கு அருகே யாரும் நடாத தக்காளியும் மிளகாயும் மணத்தக்காளியும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை; ஆடியில் ஊன்றிய அவரையும் மொச்சையும் பரங்கியும் பொங்கல் கூட்டுக்குச் சரியாக வந்து நிற்கும். யாழ்ப்பாணத்து வளவு இதைவிடத் திட்டமானது. கிடுகு வேலிக்குள் பனை, தென்னை, மா, பலா, முருங்கை, கிணற்றடியில் வாழை, நடுவே கத்தரியும் மிளகாயும் என்று ஒரு குடும்பம் சந்தைக்குப் போகாமல் பல நாள் ஓட்டக்கூடிய அமைப்பு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்னும் வரிசை வீடுகளுக்கு முன்னால் கிடைத்த கையகல நிலத்திலும் போஞ்சியும் (பீன்ஸ்) கோவாவும் (முட்டைக்கோசு) நட்டார்கள்.

நகரத்து மாடிக்கு வருவோம். இங்கே நிதானமான கணக்கு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் கனியும் வேண்டும் என்கிறது. நால்வர் குடும்பத்துக்கு நாளைக்கு 1.6 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 580 கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்ட காய்கறி நிலத்தில் ஹெக்டேருக்கு 20 டன் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 2 கிலோ; ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தால் 4 கிலோ. அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது 145 சதுர மீட்டர், அதாவது மூன்றரை சென்ட்டுக்குச் சற்று மேல். நடக்கும் வழி, எருக்குழி, மர நிழல் எல்லாம் சேர்த்தால் ஐந்து சென்ட். இது கிராமத்து வீட்டுமனைக்குக் கைக்கெட்டிய அளவு. 600 சதுர அடி மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, நடைவழி போகப் பைகளின் மண்பரப்பு 14 சதுர மீட்டர் தேறினால் பெரிது. அதிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது, அறுபது கிலோ. குடும்பத் தேவையில் பத்தில் ஒன்று.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளரத் தேவையில்லை. மாடியில் எதை விளைவிப்பது என்பதை இதுவே முடிவு செய்து கொடுக்கிறது. மாடிக்கு ஏற்றது கீரை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்த 25, 30 நாளில் அறுவடைக்கு வரும். பறித்த அரைமணியில் சமைக்கப்படும் கீரைக்கும், விடியற்காலை லாரியில் ஏறி மதியம் தள்ளுவண்டியில் வாடும் கீரைக்கும் உள்ள வேறுபாடு ருசியில் மட்டும் இல்லை. வைட்டமின் சி போன்ற சத்துகள் வாட வாடக் குறைகின்றன. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மாடியில் வளர்க்க முயல்வது, என் பார்வையில், இடத்துக்கும் உழைப்புக்கும் நட்டம். கீரை, பச்சைமிளகாய், தக்காளி, கத்தரி, கொடிக்கு ஒரு பந்தல் என்று நிறுத்திக்கொண்டால் மாடி உண்மையிலேயே சமையலறைக்கு உதவும்.

பாரத்தையும் யோசிக்க வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளச் சொல்லும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு ஈரமண்ணை நிரப்பினால் அதே சதுர மீட்டரில் 450 கிலோவைத் தாண்டும். மாடியில் பாத்தி கட்டி மண் கொட்டுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளை இடைவெளி விட்டு, சுவரும் தூணும் இருக்கும் ஓரங்களில் அடுக்குவதற்குக் காரணம் இதுதான். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி ஊற்றாமல் விதைத்தால் நாற்று கருகும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பில் வளர்ப்புப் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரங்கள், வேப்பம்பூச்சிமருந்து எல்லாம் இருக்கும். தொடங்க நல்ல துணை. தொடர்வதற்கு வேண்டியது விதை சேமிக்கும் பழக்கம். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடி போல வராது. நாட்டு விதையென்றால் ஒரு நல்ல வெண்டைக்காயை முற்றவிட்டு, சாம்பல் கலந்து புட்டியில் வைத்தால் அடுத்த ஆடிக்கு ஆகும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து சொன்னவற்றில் எளியதும் மிக வலியதும் இந்த விதைச் செய்திதான்.

வீட்டுத் தோட்டத்தின் அருமையை அரசுகள் நெருக்கடியில்தான் உணர்கின்றன. இலங்கை 2021 மே மாதம் வேதி உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. விளைச்சல் சரிய, நவம்பரில் பின்வாங்கியது. அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருளும் உணவும் எட்டாமல் போன 2022 ஜூனில், அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதம் விடுமுறை கொடுத்தது. எண்ணம் தவறில்லை, காலம் தவறியது. தோட்டம் ஆணைக்கு முளைப்பதில்லை. கீரைக்கு ஒரு மாதம், கத்தரிக்கு மூன்று மாதம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 செடிமுருங்கை போன்ற விரைவான வகைக்கே ஆறு மாதம், பலாவுக்குப் பல ஆண்டு வேண்டும். அந்த நாட்களில் தாக்குப்பிடித்தவர்கள் ஏற்கனவே முருங்கையும் பலாவும் வளவில் நிற்க வைத்திருந்தவர்கள். சோவியத் உதவி நின்றுபோன 1990களில் கியூபா நகரங்களின் தரிசு மனைகளையெல்லாம் காய்கறிப் பாத்திகளாக்கியது. அது நிலைத்ததற்குக் காரணம் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் பயிற்சியும் விற்பனை இடமும் மக்களுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டதே. விடுமுறை மட்டும் கொடுத்தால் போதாது.

உடலுக்கு இவற்றால் என்ன நன்மை என்பதில் பேச்சு மிக எளிதாக எல்லை மீறுகிறது. ஒவ்வொரு கீரைக்கும் நூறு நோயைத் தீர்க்கும் ஆற்றலை ஏற்றிச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கீரைக்கு அந்தப் பொய்ப்புகழ் தேவையுமில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். கீரை உண்டால் இது தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. கீரையில் இரும்பு இருந்தாலும் உடல் அதில் கொஞ்சத்தையே ஈர்த்துக்கொள்கிறது; கீரையிலேயே உள்ள சில பொருள்கள் தடுக்கின்றன. எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் ஈர்ப்பு கூடும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். முருங்கைக்கீரையிலுள்ள வைட்டமின் ஏ ஆகக்கூடிய சத்து கொஞ்சம் எண்ணெயோடு வதக்கினால் நன்றாகச் சேரும். பருப்புக்கீரையில் மீன் உண்ணாதவர்களுக்கு அரிதான ஒமேகா 3 வகைக் கொழுப்பு உண்டு. இவை உறுதியான செய்திகள். சோறும் குழம்புமாகவே தீரும் ஏழையின் தட்டில் வாரம் நான்கு நாள் வெவ்வேறு கீரை விழுவது பெரிய மாற்றம் என்பதை ஒப்புக்கொள்ள இந்த அளவே போதும்.

எல்லை மீறினால் நல்ல கீரையும் கெடுக்கும் என்பதற்குத் தைவான் சான்று. சத்து மிகுந்ததென்று வீட்டுத் தோட்டங்களில் நாம் விரும்பி வளர்க்கும் தவசிக்கீரையை அங்கே 1990களின் நடுவில் உடல் எடை குறைக்கப் பச்சையாகச் சாறெடுத்து நாள்தோறும் குடித்தார்கள். பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் மீளாதபடி அடைத்துக்கொண்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. சமைத்து, அளவாக, மற்றக் கீரைகளோடு மாற்றி உண்டதில் பாட்டிமார் காட்டிய நிதானம் வெறும் பழக்கம் அல்ல.

தேடி உண்பதில் இன்னும் கூர்மையான ஆபத்துகள் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று மருந்துக்காகப் பயிரிடுவது இதையே. வள்ளிக்கிழங்கென்றோ சர்க்கரைவள்ளியென்றோ எண்ணி இதை உண்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். காளான் விஷயத்தில் வெள்ளிக்காசு கறுக்கிறதா பார், எறும்பு தின்கிறதா பார் என்னும் சோதனைகள் எதையும் நம்பக் கூடாது. புற்றில் முளைக்கும் காளானைத் தலைமுறையாகப் பறிக்கும் ஒருவரோடு பல மழைக்காலம் கூடவே போய்க் கற்காதவர் பறிக்காமல் இருப்பதே சரி. சாக்கடை ஓரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் கொழுத்து நிற்கும் குப்பைக்கீரை ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்; கழுவினால் அது போகாது. களைக்கொல்லி தெளித்த வயலும் அப்படியே. படம் பார்த்து அடையாளம் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் பெயர் தேட உதவும். வாயில் வைக்கும் முடிவை அவற்றிடம் விடக் கூடாது.

காட்டுக்குள் வாழ்கிறவர்களின் நிலை வேறு. ஆனைமலைக் காடர், பழனிமலைப் பளியர், நீலகிரிக் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகியோருக்குக் கிழங்கும் தேனும் பொழுதுபோக்கு அல்ல, வாழ்வு. காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டும்போது கொடியோடு ஒட்டிய மேற்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடி வைக்கும் வழக்கம் தென்னிந்தியப் பழங்குடிகளிடம் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு அது மீண்டும் கிழங்கு இறக்கும். இதை வேட்டை, சேகரிப்பு என்று ஒரு பக்கம் தள்ளி, வேளாண்மையை இன்னொரு பக்கம் வைப்பது எப்படிச் சரியாகும்? வேலி இல்லாத தோட்டம் அது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரம் அல்லாத சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் இவர்களுக்கு உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலோ நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை தேன் எடுப்போருடன் நின்று நியாய விலைக்கு வழி செய்திருக்கிறது. அப்படியான ஏற்பாடுகள் விரல் விட்டு எண்ணத்தக்கவையே.

நகரத்தில் காட்டு உணவுக்கு இப்போது பிறந்திருக்கும் ஆர்வத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். தன் வாசலில் முளைத்த மூக்கிரட்டையைக் கிள்ளிச் சமைப்பவரால் யாருக்கும் குறைவில்லை. லாரி லாரியாகக் காட்டு நெல்லி வேண்டுமென்று வணிகம் கேட்கும்போது கிளையோடு முறிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மரமும் காய்க்காது, அதை நம்பிய மானும் மனிதரும் பசித்திருப்பார்கள். முதல் உரிமை அங்கே வாழ்கிறவருக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆக, நிலம் உள்ள கிராமத்து வீட்டுக்குக் காய்கறியில் தன்னிறைவு கைக்கெட்டிய ஒன்று. நகரத்து மாடி கீரை கொடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது ஏமாற்றம் தரும். வரப்பும் வேலியும் புறம்போக்கும் பணமில்லாத வீட்டுக்குச் சத்துக் கொடுத்த இடங்கள், அவற்றுக்கு மாற்று எந்த மாடியிலும் இல்லை. அரசின் மானியமும் ஊடகத்தின் கவனமும் மாடிப்பைகளுக்குக் கிடைப்பதில் பாதியாவது அந்தப் பொதுநிலத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களோடு சேர்ந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல இடங்களில் அந்தப் பதிவேடு பெயரளவில் நிரப்பப்பட்ட தாளாக இருக்கிறது. அதில் உங்கள் ஊரின் தொய்யக்கீரை எந்தக் காட்டில், எந்த மாதம், எந்தப் பருவத்தில் பறிக்கப்படுகிறது என்று இருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஊரிலேயே களையெடுத்த அம்மாக்களும் அப்பத்தாக்களும். அவர்கள் பெயரோடு அது பதிவாக வேண்டும். ஏரிக்கரையிலும் மேய்க்காலிலும் களைக்கொல்லி அடிக்கக் கூடாதென்று தீர்மானம் போடக் கிராமசபைக்கு எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் போய் உட்காருங்கள். கீரை தெரிந்த ஒரு மூதாட்டியையும் உடன் அழைத்துப் போங்கள். அவர் பேசுவதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.